'அ' இல்லாத கொஞ்சம்

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய விஷயத்தைப் பெரிதாகச் சொல்ல வாய் வராது. முரா ஆறு கரை உடைத்து வீட்டுக்குள் புகுந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனாலும் "கொஞ்சம் ஈரமாயிடுச்சு" என்போம். திருமணத்தில் மூன்று நாள் குடித்துவிட்டு நான்காம் நாள் கோழிக்கூண்டில் கண் விழித்தவனும் "கொஞ்சம் போட்டேன்" என்றுதான் சொல்வான். அந்தக் கொஞ்சத்துக்கு எங்கள் பேச்சில் 'மாலோ' என்று பெயர். என் வாயிலிருந்து ஒரு நாளில் வரும் சொற்களில் பாதி அதுதான். மீதிப் பாதி நான் கம்பியைப் பார்த்துச் சொல்பவை. அவற்றை இங்கே எழுத முடியாது.

கம்பி என்றால் கட்டடக் கம்பி. முப்பத்தாறு வருடமாகக் கம்பி கட்டுகிறேன். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் பரப்பி, ஒவ்வொரு சந்திலும் மெல்லிய கம்பி போட்டு முறுக்க வேண்டும். காலையில் குனிந்தால் மாலையில்தான் நிமிரலாம். போன ஜனவரியில் ஒரு பாலத்து வேலையில் மாலையிலும் நிமிர முடியவில்லை. நான்கு பேர் என்னைக் கதவைத் தூக்குவது போலத் தூக்கி வேனில் ஏற்றினார்கள்.

"எப்படிய்யா இருக்கு?" என்று மேஸ்திரி ஓடிவந்து கேட்டார்.

"கொஞ்சம் பிடிச்சிருக்கு" என்றேன். படுத்தபடியே, வானத்தைப் பார்த்துச் சொன்னேன். கழுத்தும் திரும்பவில்லை.

என் இடது காலைப் பிடித்திருந்த கிரேன்காரன் ஃபெரி, "கொஞ்சம்தானே? அப்ப இறங்கி நடய்யா. எனக்குக் கை வலிக்குது" என்றான்.

ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. என் முதுகு நான்கு வருடம் தாங்காது என்பது எனக்குத் தெரியும், என் மனைவி டாரிங்காவுக்குத் தெரியும், முதுகுக்கும் தெரியும். அந்த வாரமே டாரிங்கா தான் வேலை செய்யும் பள்ளிச் சமையலறையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தாள். ஊருக்கு வெளியே வெந்நீர் ஊற்றுக் குளங்களோடு ஒரு விடுதி இருக்கிறது. அதற்குக் கட்டடம் பார்த்துக்கொள்ளும் ஆள் தேவை. குழாய், பல்பு, புல்வெளி. மே மாதம் நேர்காணல். அறைகளில் வெளிநாட்டு விருந்தாளிகள் இருப்பதால் ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மேலாளரே அயர்லாந்துக்காரி.

"குனிய வேண்டாம், கம்பி வேண்டாம். இத விட்டா உனக்கு வேற வழியில்ல சிரில்" என்றாள் டாரிங்கா.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"நாப்பத்தொரு வயசு வரைக்கும் உனக்கு அ, ஆ கூடத் தெரியாது. அப்புறம் கத்துக்கல?"

அது உண்மை. அப்பாவும் அம்மாவும் பருவத்துக்கு ஒரு பண்ணை என்று பிழைக்கப் போனவர்கள். ஒரு பள்ளியில் என் பெயரை எழுதுவதற்குள் அடுத்த பள்ளிக்குப் பக்கத்தில் பீட்ரூட் முற்றிவிடும். பிற்பாடு எங்கள் ஊர் மக்கள் பல்கலைக்கழகத்தில்தான் எழுத்துக் கற்றேன். பெரியவர்களுக்கு மாலையில் பாடம் நடத்தும் நான்கு அறைக் கட்டடம் அது. ஆனாலும் பெயரில் பல்கலைக்கழகம் இருப்பதால் நானும் பல்கலைக்கழகத்தில் படித்தவன்தான். இப்போது ஐம்பத்தேழு வயதில் அதே அறையில், அதே நாற்காலியில், இரண்டாவது பட்டத்துக்கு உட்கார்ந்தேன்.

ஃபெரியும் வந்து சேர்ந்தான்.

"உனக்கு எதுக்குடா இங்கிலீஷ்?"

"இங்க ஹீட்டர் ஓடுது. வீட்டுல விறகு மிச்சம்."

டீச்சர் ஸ்வோன்கா நல்லவர். மார்ச் மாதத்தில் ஒரு மாலை அவர் கரும்பலகையில் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளை வரைந்தார். இரண்டிலும் அடியில் ஒரே அளவு ஒயின். ஒன்றின் கீழ் 'லிட்டில்' என்று எழுதினார். மற்றதன் கீழ் 'அ லிட்டில்' என்று எழுதினார்.

"ரெண்டுலயும் ஒரே ஒயின். அப்ப என்ன வித்தியாசம்?"

ஃபெரி கை தூக்கினான். "ஒண்ணு நான் ஊத்தினது டீச்சர். இன்னொண்ணு என் பொண்டாட்டி ஊத்தினது."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "அதேதான்" என்றார். "அய்யோ, இவ்வளவுதானான்னு வருத்தப்பட்டா 'அ' கிடையாது. வெறும் லிட்டில். அதாவது இல்லாத மாதிரிதான். பரவாயில்ல, கொஞ்சம் இருக்கேன்னு நினைச்சா முன்னாடி ஒரு 'அ' போடணும். அ லிட்டில். நாம ரெண்டுக்கும் மாலோன்னு ஒண்ணையே சொல்லிட்டுப் போயிடறோம். அவங்க அப்படி விட மாட்டாங்க."

"ஒரே ஒயின்தானே டீச்சர்?" என்றேன்.

"ஒயின் ஒண்ணுதான் சிரில். மனசு வேற."

எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. எங்கள் பேச்சில் முன்னால் 'அ' போட்டால் அது கேள்வி. 'வருகிறாய்' என்பதற்கு முன் 'அ' போட்டால் 'வருகிறாயா?' 'அ மாலோ' என்றால் 'கொஞ்சம்தானா?' பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

"டீச்சர், அவங்க கேள்வி கேட்டா நான் பதில் சொல்லணும். நீங்க சொல்ற மாதிரி முன்னாடி 'அ' போட்டா நானும் திருப்பிக் கேள்வி கேக்கற மாதிரி ஆயிடுமே? ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருந்தா யாருதான் பதில் சொல்றது?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "முப்பது வருஷத்துல யாரும் இதக் கேட்டதில்ல" என்றார். அது பாராட்டா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு, "நம்ம 'அ' வேற, அவங்க 'அ' வேற. போட்டுப் போட்டுப் பழகுங்க" என்றார்.

"எல்லை தாண்டினா எழுத்துக்கும் வேற பாஸ்போர்ட் போலிருக்கு" என்றான் ஃபெரி.

பழகினேன். பத்து வாக்கியம் எழுதிவரச் சொன்னார். லிட்டிலுக்குச் சின்னது என்றும் ஒரு பொருள் உண்டு. என் மனைவி குள்ளம். எனக்குக் குள்ளமான மனைவி இருக்கிறாள் என்று எழுதப் போய் அந்த 'அ'வை விட்டுவிட்டேன். டீச்சர் சிவப்பு மையில் பக்கத்திலேயே பொருள் எழுதியிருந்தார்: 'என்னிடம் மனைவி அவ்வளவாக இல்லை.' டாரிங்கா அதைப் படித்துவிட்டாள். "இருக்கற கொஞ்சத்தையும் தொலச்சிட்டு நிக்காதே" என்று சூப்பைக் கொஞ்சம் பலமாகவே மேசையில் வைத்தாள்.

மே மாதம் வந்தது. நேர்காணலுக்குக் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பட்டன் போட முடியவில்லை. ஆனால் கோட்டு விறைப்பாக இருந்ததால் முதுகுக்கு ஒரு தாங்கல் கிடைத்தது. மறந்துவிடக் கூடாது என்று வலது கட்டைவிரல் நகத்தில் பேனாவால் ஒரு 'அ' எழுதிக்கொண்டேன்.

மேலாளர் பெயர் நூலா. நெடுநெடுவென்று உயரம். சளி பிடித்திருந்தது. மேசையில் தேநீர்ப் பாத்திரமும் கைக்குட்டைகளும் இருந்தன. அறை மூலையில் கைகழுவும் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்காகவே மெதுவாக ஆங்கிலம் பேசினார். நல்ல பெண்மணி. நான்தான் அவருக்கு நல்லது செய்யவில்லை.

"குழாய் வேலை, கரண்டு வேலை தெரியுமா?"

என் வீட்டுக்கு முழுக்க நான்தான் குழாய் போட்டேன். தெருவில் பாதி வீட்டுக்கும் நான்தான். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் தன் வாயால் 'நன்றாகத் தெரியும்' என்று சொன்னால் அவனைக் கூப்பிடவே மாட்டார்கள். மரியாதையாகக் கொஞ்சம் தெரியும் என்று சொல்லும் எண்ணத்தில், "லிட்டில்" என்றேன்.

அவர் பேனா எதையோ எழுதியது. 'அ' விட்டுப்போனது அப்போதுதான் உறைத்தது. தெரியாத மாதிரிதான் என்று நானே வாக்குமூலம் கொடுத்துவிட்டேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை செஞ்சு பழக்கம்?"

குறைந்தது எட்டு மணி நேரம் என்று சொல்ல நினைத்தேன். எங்கள் பேச்சில் 'குறைந்தது' என்பதற்கும் 'எல்லாரையும்விடக் குறைவாக' என்பதற்கும் ஒரே சொல்தான். அதை ஆங்கிலத்தில் தேடியெடுத்து நம்பிக்கையோடு சொன்னேன். டீச்சரிடம் பிறகு கேட்டபோதுதான் நான் சொன்னது என்னவென்று தெரிந்தது. 'வேலை செய்வதில் எல்லாரையும்விட நான்தான் குறைச்சல், எட்டு மணி நேரம்.'

நூலா மூக்கைத் துடைத்தார். புருவம் மட்டும் கைக்குட்டைக்கு மேலே ஏறி நின்றது.

"குடிப்பீங்களா?"

இந்தத் தடவை விடுவதில்லை என்று நகத்தைப் பார்த்தேன். 'அ' அங்கே இருந்தது. "அ லிட்டில்" என்றேன். ஆனால் ஐம்பத்தேழு வருடமாக 'அ' என்றாலே ஏறிப் பழகிய குரல். கடைசியில் தானாகவே மேலே ஏறிவிட்டது. நான் பதில் சொல்லவில்லை, கேட்டுவிட்டேன்: கொஞ்சம் கிடைக்குமா?

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தேநீர்ப் பாத்திரத்தை எடுத்து ஒரு கோப்பையில் பாதி ஊற்றி, அதில் பாலையும் விட்டு என் பக்கம் தள்ளினார். எங்கள் பக்கம் தேநீர் காய்ச்சல்காரர்களுக்கு. பால் விட்டுக் காய்ச்சல்காரர்களுக்குக்கூடத் தர மாட்டோம். இதுவும் சோதனையில் ஒரு பகுதி போல என்று கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

பிறகு அவர் பேனாவைக் கையில் எடுத்தார். "முதுகு எப்படி? இங்க தூக்கற வேலை இருக்கு. குளத்தோரம் விருந்தாளிங்க படுக்கிற கட்டில்கள், பனிக்காலத்துல பனி."

இதற்குத்தான் நான் மூன்று மாதம் ஒத்திகை பார்த்தேன். 'நோ' என்று ஒரே சொல். வலி கிடையாது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் வாய் அதன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"லிட்டில்" என்றேன்.

நல்ல வேளையாக அது சரியாகவே விழுந்தது. 'அ' இல்லை. வலி இல்லாத மாதிரிதான் என்று பொருள். நான் சொல்ல நினைத்த பொய்யை முதல் தடவையாகப் பிழையில்லாமல் சொல்லிவிட்டேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

நூலாவுக்குச் சந்தேகம். என் ஆங்கிலத்தை அதற்குள் புரிந்துவைத்திருந்தார். "அ லிட்டில்?" என்று கேட்டார். கொஞ்சம் இருக்கிறது என்கிறீர்களா என்று உறுதிப்படுத்தத்தான் கேட்டார்.

என் காதில் விழுந்தது அதுவல்ல. ஒவ்வொரு மாலையும் நான் வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்வேன். குனிய முடியாததால் டாரிங்காதான் என் பூட்சைக் கழற்றுவாள். "எப்படி இருக்கு?" என்பாள். "மாலோ" என்பேன். ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, "அ மாலோ?" என்பாள். கொஞ்சம்தானா? முதல் பூட்ஸ் கழலும்வரை தாங்குவேன். இரண்டாவது பூட்சில் உண்மை வந்துவிடும். பதினோரு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

நூலாவும் அதே மெட்டில்தான் கேட்டார். ஒற்றைப் புருவம் வேறு.

"நோ" என்றேன். "நாட் லிட்டில்."

வந்துவிட்டது. ஒருமுறை வந்த பிறகு நிற்கவும் இல்லை. "வெரி மச்" என்றேன். "லெவன் இயர்" என்றேன். கை வேறு பின்னால் போய் எந்த இடம் என்று காட்டியது.

அவர் பேனாவை மூடிவைத்தார். இதற்கு முன் இருந்த ஆள் ஒன்றுமே வலிக்கவில்லை என்று சொல்லித்தான் சேர்ந்தானாம். டிசம்பரில் கட்டில்களைத் தூக்கிக்கொண்டு பனியில் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லையாம். "உங்களுக்கு இந்த வேலையத் தர முடியாது சிரில். தப்பா நினைக்காதீங்க" என்றார்.

எழுந்தேன். கோட்டு உதவியது. போகிற வழியில் அந்தக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. நான்கு வருடக் கம்பி வேலையை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. பையில் எப்போதும் ஒரு சின்னக் குறடு இருக்கும். தொட்டிக்கு அடியில் கை விட்டுத் தண்ணீரை நிறுத்தினேன். குழாயின் தலையைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் தேய்ந்து கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டு முறுக்கினேன். சொட்டு நின்றது. மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"லிட்டில்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நூலா தான் எழுதிய தாளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "குழாய் வேலை தெரியாத மாதிரிதான்னு சொன்னீங்களே. இதுவா அது?"

மறுபடி உட்காரச் சொன்னார். முழு வேலை தர முடியாது. ஆனால் தூக்குகிற வேலையை வேறு ஒரு பையனிடம் விட்டுவிட்டு, குழாய், பல்பு, பூச்செடி மட்டும் பாதி நாளுக்கு எனக்குத் தரலாம். அதற்கு என் மருத்துவர் வலியின் அளவை எழுதித் தர வேண்டும். அதை வைத்து ஊனமுற்றோர் கமிஷன் பாதி நாள் வேலைக்கு அனுமதி தர வேண்டும். செப்டம்பர் கடைசிவரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் டாரிங்கா முதலில் கேட்டது, "உண்மையைச் சொன்னியா? நீயா?"

"தவறுதலா" என்றேன்.

மறுநாளே என்னை மருத்துவர் குஹாரிடம் இழுத்துப் போனாள். பதினோரு வருடமாக அவர்தான் எனக்கு வைத்தியம் பார்க்கிறார். விஷயத்தைக் கேட்டார். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"நீங்களே பாருங்க. ரெண்டாயிரத்துப் பதினாலு, கொஞ்சம் வலி. பதினாறு, கொஞ்சம் வலி. போன ஜனவரி, நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க, கொஞ்சம் வலி. பத்துக்கு எத்தனைன்னு கேட்டா எப்பவும் ரெண்டு. இத எடுத்துக்கிட்டுக் கமிஷனுக்குப் போனா என்ன சொல்வாங்க? நல்லா நடமாடறவரு எதுக்கு வந்தாருன்னு கேப்பாங்க."

"நான் அப்பவே சொன்னேன் டாக்டர்" என்றாள் டாரிங்கா. "இவரு வாயே இவருக்கு விரோதி."

"சரி. இன்னிக்குப் புதுசா எழுதறேன். படம் எடுக்கவும் அனுப்பறேன். ஆனா வலிய நீங்கதான் சொல்லணும், உங்க மனைவி சொல்லக் கூடாது. எப்படி இருக்கு?"

வாயைத் திறந்தேன். "மா..." என்று வந்தது. பின்னாலிருந்து டாரிங்கா இருமினாள். மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தேன். நிறைய வலிக்கிறது என்பதற்கு எங்கள் பேச்சில் மூன்று நான்கு சொல் உண்டு. எல்லாம் எனக்குத் தெரியும், எழுதவும் தெரியும். ஆனால் அந்த மனிதர் முன்னால், பதினோரு வருடமாக ரெண்டு ரெண்டு என்று சொன்ன அதே நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. பிச்சை கேட்பது போல இருந்தது. கமிஷனுக்கு வேண்டியது ஒரு சொல்தான், அதுவும் வரவில்லை.

"டாக்டர்" என்றேன். "இங்கிலீஷ்ல சொல்லட்டுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். டாரிங்காவைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பிழையோடுதான் சொன்னேன், ஆனால் சொன்னேன். இரவில் புரண்டு படுக்க முடியவில்லை. இடது பாதம் மரத்துப்போகிறது, சில நாள் இருப்பதே தெரிவதில்லை. வேலையிடத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துதான் கம்பி கட்டுகிறேன், மேஸ்திரி வந்தால் எழுந்துகொள்வேன். பூட்ஸ் கழற்ற ஆள் வேண்டும். பத்துக்கு எட்டு. சில நாள் ஒன்பது. அந்த மொழியில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் வெட்கமும் இல்லை. மேஸ்திரி வந்தால் எழுந்துகொள்வேன் என்று சொன்னபோது டாரிங்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்கும் தெரியாது.

குஹார் எங்கள் மொழியில் தட்டிக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டு உரக்கப் படித்தார். "நீண்டகாலமாகக் கடுமையான வலி. இடது காலில் உணர்வு குறைவு. குனியும் வேலைக்கும் தூக்கும் வேலைக்கும் தகுதியில்லை." நிறுத்திவிட்டு, "சரியா இருக்கா?" என்றார்.

கேட்கக் கேட்க யாரோ ஒரு கிழவனைப் பற்றிப் படிப்பது போல இருந்தது.

"கடுமையானன்னு போட்டிருக்கீங்களே டாக்டர்" என்றேன். "ஏதோ மாதிரி இருக்கு. அத மட்டும் கொஞ்சம் குறைச்சு..."

அவர் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினார். பக்கத்து மேசையில் அச்சு இயந்திரம் இரைந்தது. தாள் முழுதாக வெளியே வருவதற்குள் டாரிங்கா எழுந்து போய் அதை உருவிக்கொண்டாள். நான்காக மடித்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"கையெழுத்துப் போடணுமே அவரு?" என்றார் குஹார்.

"போடுவாரு" என்றாள். "நான் பிடிச்சுக்கறேன். அவரு போடட்டும்."

பையைத் திறந்து, தாளின் அடிப்பக்கம் மட்டும் தெரியும்படி மடித்து மேசையில் வைத்து, 'கடுமையான' இருந்த மேல்பக்கத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். நான் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினேன்.